ஒரு பட்டம், இரண்டு இடுப்பு

1990 அக்டோபர் 30. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் நகரம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த நிறுவனத்தின் தொலைக்காட்சிப் படப்பிடிப்பு நடக்கிறது. 'ராக்கர்ஸ்' ஜோடியான ஷான் மைக்கேல்ஸும் மார்ட்டி ஜனெட்டியும், 'ஹார்ட் ஃபவுண்டேஷன்' ஜோடியான பிரெட் ஹார்ட், ஜிம் நைட்ஹார்ட் இருவரையும் மூன்றில் இரண்டு சுற்று கணக்கில் வீழ்த்தி டேக் டீம் சாம்பியன் ஆனார்கள். பெல்ட் கைமாறியதை அரங்கமே பார்த்தது. ஆனால் நிறுவனத்தின் சாம்பியன் பட்டியலில் இன்றுவரை இந்த வெற்றி இல்லை.

காரணம், ஆட்டத்தின் நடுவில் ரிங்கின் மேல்கயிறு அறுந்துபோனது. கயிற்றில் ஏறித் தாவுவதே ராக்கர்ஸின் பிழைப்பு. கயிறு போன பிறகு ஆட்டம் தள்ளாடியது. போதாக்குறைக்கு, வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று நினைத்த நைட்ஹார்ட்டுக்கும் நிறுவனத்துக்கும் சமரசம் ஆகிவிட்டது. பட்டத்தை மாற்றியதே அவர் போகிறார் என்பதற்காகத்தான். பதிவை ஒளிபரப்பாமல் மூட்டைகட்டி, பெல்ட்டைச் சத்தமில்லாமல் பழைய ஜோடியிடமே கொடுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1994-இல், மைக்கேல்ஸும் ஜனெட்டியும் அதே பட்டத்தை முறைப்படி வென்றார்கள். ஆளுக்கொரு வேறு கூட்டாளியோடு.

முடிவை முன்கூட்டியே எழுதி வைத்து ஆடும் ஆட்டத்துக்கு வரலாறு ஒரு கேடா என்று கேட்பவர்கள் உண்டு. இது கேளிக்கைதான் என்பதை நிறுவனமே 1989-இல் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க அதுதான் வழியாக இருந்தது. ஆனால் எல்லாமே எழுதி வைத்தபடி நடக்கும் இடத்தில்தான் எழுதாமல் நடந்தது துருத்திக்கொண்டு நிற்கும். 1971 முதல் 2010 வரை இருந்த இந்த டேக் டீம் பட்டத்தில் அப்படி நடந்தவை கொஞ்சமல்ல. ஒற்றையர் பட்டத்தில் முதலாளியின் கண் எப்போதும் இருக்கும். இரட்டையர் ஆட்டத்திலோ நான்கு பேர், நான்கு ஒப்பந்தம், நான்கு முதுகெலும்பு. ஏதாவது ஒன்று எப்போதும் கோளாறு பண்ணும்.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. ஜோடிக்கு ஒருவர்தான் உள்ளே நிற்கலாம். கூட்டாளி மூலையில் கட்டியிருக்கும் சின்னக் கயிற்றைப் பிடித்தபடி வெளியே காத்திருப்பார். கையைத் தட்டினால் ஆள் மாறலாம். வெளியேற நடுவர் ஐந்து எண்ணும் வரை அவகாசம். வில்லன் ஜோடி இந்த ஐந்தைப் பிழிந்தெடுக்கும். நல்லவனைத் தங்கள் மூலையிலேயே போட்டு நசுக்கும். அவன் தவழ்ந்து தவழ்ந்து கூட்டாளியின் விரல் நுனிவரை வருவான். காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். கடைசியில் ஒருவழியாகக் கை பட்டதும், அதுவரை கயிற்றுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தவன் உள்ளே பாய்ந்து எல்லோரையும் துவைப்பான். 'ஹாட் டேக்' என்பார்கள். ஐம்பது ஆண்டாக இதே சூத்திரம்தான். இன்னும் சலிக்கவில்லை.

பட்டம் பிறந்ததே ஒரு கதையோடுதான். மூத்த மக்மேன் நடத்திய நிறுவனத்துக்கு அப்போது டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று பெயர். நியூ ஆர்லியன்ஸில் நடந்த போட்டித் தொடரில் லூக் கிரஹாமும் டார்ஸான் டைலரும் வென்றதாக 1971 ஜூனில் அறிவித்தார்கள். அப்படி ஒரு தொடர் நடந்ததாக மல்யுத்த வரலாற்றைத் தோண்டுகிறவர்கள் பலர் நம்புவதில்லை. அந்தத் தொழிலில் இது சகஜம். இதே நிறுவனம் 1979-இல் இன்னொரு பட்டத்துக்கு ரியோ டி ஜெனிரோவில் போட்டி நடந்ததாகச் சொன்னது, அதுவும் கட்டுக்கதை.

எழுபதுகளில் பெல்ட் பெரும்பாலும் வில்லன்களிடம் இருந்தது. 1972-இல் வென்ற புரொஃபசர் டோரு டனாகாவும் மிஸ்டர் ஃபுஜியும் ஜப்பானியர்களாக வந்து, எதிராளியின் கண்ணில் உப்பு வீசுவார்கள். இருவருமே ஹவாயில் பிறந்த அமெரிக்கர்கள். டனாகா அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தவர். 1974-இல் வந்த 'வேலியன்ட் சகோதரர்கள்' சகோதரர்களே அல்ல. 1976-இல் முகமூடியோடு வந்த 'எக்ஸிக்யூஷனர்ஸ்' ஜோடிக்குள் இருந்தவர்கள் கில்லர் கோவால்ஸ்கியும் பிக் ஜான் ஸ்டட்டும். மூன்றாவதாக ஒரு முகமூடி ஆளை நடுவில் புகுத்தினார்கள் என்று சொல்லி அவர்களிடமிருந்து பட்டத்தைப் பறித்தார்கள். இதெல்லாம் எழுதி வைத்த குறும்பு.

எண்பதுகளில் குடும்பங்கள் உள்ளே நுழைந்தன. சமோவா தீவுக் குடும்பத்தைச் சேர்ந்த அஃபா, சிக்கா இருவரும் நிஜ அண்ணன் தம்பிகள். 'வைல்ட் சமோவன்ஸ்' என்ற பெயரில் மூன்று முறை சாம்பியன் ஆனார்கள். 1983 நவம்பரில் அவர்களைத் தோற்கடித்தவர்கள் ராக்கி ஜான்சனும் டோனி அட்லஸும். இந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஜோடி. சமோவன்களின் மேனேஜர் லூ அல்பானோ ஓங்கிய நாற்காலி தவறி அவருடைய ஆள் மேலேயே விழும். அதில் கதை முடியும். கன்னத்தில் ரப்பர் பேண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாரே, சிண்டி லாபரின் பாட்டு வீடியோவில் அப்பாவாக நடித்தாரே, அதே அல்பானோதான். ராக்கி ஜான்சனின் மாமனார் பீட்டர் மைவியா, அஃபா சிக்காவின் தந்தையோடு சத்தியம் செய்து சகோதரரானவர். ஆக, ராக்கி அன்று சாய்த்தது பெண்வீட்டு உறவை. அவர் மகன் டுவெயின் பின்னாளில் 'தி ராக்' ஆனார். சிக்காவின் மகன் ரோமன் ரெய்ன்ஸ்.

நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா முதன்முறையாக 1985 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஈரானின் அயர்ன் ஷேக்கும், 'ரஷ்யர்' நிக்கோலாய் வோல்காஃபும் அமெரிக்கக் கொடி பிடித்த ஜோடியை, மேனேஜரின் கைத்தடி உதவியோடு வென்றார்கள். ஆட்டத்துக்கு முன் வோல்காஃப் சோவியத் தேசிய கீதம் பாடுவார். கூட்டம் கையில் கிடைத்ததை வீசும். அவர் பிறந்தது யூகோஸ்லாவியாவில். கம்யூனிச நாட்டிலிருந்து தப்பி வந்தவர். இந்த ஜோடிக்கு ஜென்ம விரோதியாக 1987-இல் கொண்டுவரப்பட்டவர் ஜிம் டகன். அந்த மே மாதம் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரு காரை போலீஸ் மறித்தது. உள்ளே டகனும் ஷேக்கும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். போதைப்பொருளும் இருந்தது. நிறுவனத்துக்குப் போதைப்பொருளைவிட, பகையாளிகள் ஒரே காரில் போனது செய்தியானதே பெரிய தலைவலி.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்கள் 1987 ஜனவரி 26 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நடந்ததைத் தேடிப் பார்க்கலாம். நல்ல ஆட்டம் என்பதற்காக அல்ல. ஆட்டமே இல்லை அது. சாம்பியன்கள் 'பிரிட்டிஷ் புல்டாக்ஸ்': டைனமைட் கிட் எனப்பட்ட டாம் பில்லிங்டனும், அவருடைய ஒன்றுவிட்ட தம்பி டேவி பாய் ஸ்மித்தும். எதிரில் ஹார்ட் ஃபவுண்டேஷன். நால்வரும் உறவுக்காரர்கள். பிரெட் ஹார்ட்டின் தங்கை டேவியின் மனைவி. அக்கா நைட்ஹார்ட்டின் மனைவி. பிரெட்டும் டைனமைட்டும் மணந்ததும் அக்கா தங்கையை. சகலையும் மைத்துனனுமாகச் சேர்ந்து உலகப் பட்டத்துக்கு மோதினார்கள்.

அதற்கு முந்தைய டிசம்பரில் கனடாவின் ஹாமில்டனில் ஆடும்போது டைனமைட்டின் முதுகுத் தண்டுவட்டு சிதைந்து, அறுவை சிகிச்சை ஆனது. நடக்கவே முடியாத நிலை. ஆனால் பெல்ட் அவரிடம் இருந்தது. அதை ரிங்கில்தான் இழக்க வேண்டும் என்பது தொழில் தர்மம். டேவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார். ரிங் ஓரம் வந்து சேர்ந்ததும் எதிரணி மேனேஜர் ஜிம்மி ஹார்ட்டின் மெகாஃபோனால் ஒரு போடு விழும். டைனமைட் விழுந்து கிடப்பார். எழுந்திருக்கவே தேவையில்லாத பாத்திரம் அது. மிச்ச ஆட்டம் முழுக்க டேவி தனியாக அடிவாங்கி, வில்லன் பக்கம் சாய்ந்த நடுவர் டேனி டேவிஸின் தயவில் பட்டம் போனது. படுத்துக் கிடந்தது நடிப்பு என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அந்த முதுகோடு மேலும் பல ஆண்டுகள் ஆடிய டைனமைட், பிற்காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்து, 2018-இல் தன் 60-ஆவது பிறந்த நாளில் இறந்தார். டேவி அவருக்கு முன்பே, 2002-இல், 39 வயதில் போய்விட்டார்.

அடுத்து வந்தது பெயிண்ட் பூசிய முகங்களின் காலம். ஆக்ஸ், ஸ்மாஷ் என்ற 'டெமாலிஷன்' ஜோடி 1988 மார்ச்சில் வென்று 478 நாள் பட்டத்தை வைத்திருந்தது. இந்தப் பட்டத்தில் அதுவே அதிகம். வேறு நிறுவனங்களைக் கலக்கிய ரோடு வாரியர்ஸுக்குப் போட்டியாக உருவான ஜோடி என்ற பேச்சு அவர்களை விடவில்லை. அசலான ஹாக்கும் அனிமலும் 1990-இல் இங்கேயே வந்துவிட்டார்கள். நகலின் மவுசு குறைந்தது. 1991-இல் அசலும் பெல்ட் வாங்கியது. ஏ.டபிள்யூ.ஏ., என்.டபிள்யூ.ஏ., டபிள்யூ.டபிள்யூ.எஃப். என மூன்றின் டேக் பட்டத்தையும் வென்ற ஒரே ஜோடி அவர்கள்தான்.

1994 மார்ச்சில் லண்டனில் நடந்தது சுத்தமான நகைச்சுவை. 'மென் ஆன் எ மிஷன்' ஜோடியின் மேபல் 200 கிலோவைத் தாண்டிய மலை. சாம்பியன்களான கியூபெக்கர்ஸில் ஒருவரான பியேர் மேல் அவர் விழுந்தார். மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்க வேண்டும், திட்டம் அதுதான். பியேரால் தூக்க முடியவில்லை. நடுவர் மூன்று எண்ணிவிட்டார். இரண்டு நாள் கழித்து ஷெஃபீல்டில் பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இந்த முறை மறைக்கவில்லை. பட்டியலில் இரண்டு நாள் சாம்பியன்களாக மேபல் ஜோடி இருக்கிறது. ராக்கர்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் போயிற்று.

ஏணி வந்த பிறகு எல்லாம் மாறியது. நார்த் கரோலினாவின் நிஜ அண்ணன் தம்பிகளான மேட், ஜெஃப் ஹார்டி. அண்ணன் தம்பியாக வேடமிட்ட ஒன்டாரியோவின் பால்ய நண்பர்கள் எட்ஜ், கிறிஸ்டியன். ஒருவர் வெள்ளையர் ஒருவர் கறுப்பர் என்றாலும் சகோதரர்கள்தான் என்று சாதித்த டட்லிஸ். மேலே பெல்ட்டைத் தொங்கவிட்டு, ஏணி, மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் இந்த ஆறு பேருக்கும் அனுமதித்தார்கள். 2001 ஏப்ரல் 1 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 67,925 பேர் முன்னால், பெல்ட்டைப் பிடித்து அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜெஃப் மீது, உயரமான ஏணியிலிருந்து எட்ஜ் பாய்ந்து கட்டிப்பிடித்து இருவரும் தரையில் மோதினார்கள். எட்ஜ் ஜோடிக்கு உதவ வந்த ரைனோவின் தோளில் ஏறி கிறிஸ்டியன் பெல்ட்டை எட்ட, பட்டம் அவர்களுக்கு. டிரம்ப் கார்டு சேர்த்துவைத்து டென் ஸ்போர்ட்ஸில் இரவு கண்விழித்த நம்மூர்ப் பையன்களுக்கும் அந்த ஆறு பேரின் பெயர் அத்துப்படி. எழுதி வைத்த ஆட்டம்தான், ஆனால் விழுவதற்கு டூப் கிடையாது. 2003-இல் எட்ஜுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை. 2011-இல் அதே கழுத்து அவரை ஓய்வு பெற வைத்தது. ஒன்பது ஆண்டு கழித்துத்தான் திரும்பினார்.

பட்டத்தின் வீழ்ச்சியை விவரிக்க அதிகம் இல்லை. போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வை 2001-இல் வாங்கி, அதன் டேக் பட்டத்தையும் இதில் கலந்தார்கள். நிகழ்ச்சியை ரா, ஸ்மாக்டவுன் என்று பிரித்த பின், 2002 அக்டோபரில் ஸ்மாக்டவுனுக்கு இன்னொரு டேக் பட்டம் செய்தார்கள். ஒரே கடையில் இரண்டு உலகச் சாம்பியன் ஜோடி என்றால் மதிப்பு என்ன ஆகும்? 2009 ஏப்ரல் 5-இல் ரெசில்மேனியாவில் இரண்டையும் இணைத்தபோது, அந்த ஆட்டத்துக்கு நேரலையில் இடம்கூட கிடைக்கவில்லை. ஒளிபரப்பு தொடங்கும் முன்பே கார்லிட்டோ, பிரீமோ சகோதரர்கள் ஜான் மாரிசனையும் மிஸ்ஸையும் தோற்கடித்து முடித்துவிட்டார்கள்.

2010 ஆகஸ்ட் 16 அன்று 1971-இன் பட்டத்தை மூடினார்கள். கடைசி சாம்பியன்கள் 'ஹார்ட் டைனஸ்டி'. அதில் ஒருவர் டைசன் கிட். மற்றவர் டேவிட் ஹார்ட் ஸ்மித், டேவி பாயின் மகன். ஜோடியோடு வலம்வந்த நடாலியா, நைட்ஹார்ட்டின் மகள். புது பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்மித், நடாலியா இருவருக்கும் தாய்மாமன் பிரெட் ஹார்ட். சீர் கொண்டுவர வேறு ஆள் கிடைக்குமா?

பெயர் மட்டும் திரும்பி வந்தது. 2024 ஏப்ரலில், 2002-இல் தொடங்கிய அந்த இளைய பட்டத்துக்குப் புது பெல்ட் அடித்து, 'உலக டேக் டீம் சாம்பியன்ஷிப்' என்ற பழைய பெயரைச் சூட்டினார்கள். கணக்கு மட்டும் 2002-இலிருந்துதான். அன்று அதை வாங்கிக்கொண்டவர்கள் ஆர்-ட்ரூத்தும் மிஸ்ஸும். ஆம், 2009-இல் ஒளிபரப்புக்கு முன்பே பழைய பெல்ட்டைப் பறிகொடுத்த அதே மிஸ்தான்.