தூங்கும் காரில் தூங்காத திருடன்!

நிறுத்தி வைத்த கார் என்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் மாமனார் மாதிரி. தூங்குவது போலத்தான் தெரியும். ஆனால் வீட்டில் நடக்கிற அத்தனையும் காதில் விழுந்துகொண்டிருக்கும்!

சாவியை உருவி, கதவைச் சாத்தி, 'கீச்' என்று பூட்டிவிட்டு நீங்கள் போன பிறகும் உள்ளே கடிகாரம் ஓடுகிறது. நீங்கள் கேட்ட எஃப்.எம். ஸ்டேஷனை ஸ்டீரியோ ஞாபகம் வைத்திருக்கிறது. ரிமோட் எப்போது கூப்பிடுமோ என்று ஒரு குட்டி ரிசீவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இவர்களுக்கெல்லாம் தீனி போடுவது பேட்டரி.

தீனி கொஞ்சம்தான். பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். சின்னக் கார்களில் வருகிற 35 ஆம்பியர்-மணி பேட்டரி, 30 மில்லி ஆம்பியர் செலவைக் கணக்குப்படி 48 நாள் தாங்கும். நிஜத்தில் அதற்கு வெகு முன்பே செல்ஃப் மோட்டார் முனக ஆரம்பித்துவிடும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து, பல வாரம் கழித்து ஆசையாகச் சாவியைத் திருப்பியவர்களில் எத்தனையோ பேருக்கு வெறும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டதே, அதன் ரகசியம் இதுதான்.

அது நியாயமான வீட்டுச் செலவு. நான் சொல்ல வந்தது திருட்டைப் பற்றி.

என் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர், எட்டு வருஷப் பழைய கார் ஒன்றை வைத்திருக்கிறார். ஆபீஸுக்கு வருவது மின்சார ரயிலில். கார், அப்பாவுக்காக மட்டும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் முதல் ஷிப்டில் படுக்கை கிடைக்கும். திரும்பும்போது பதினொன்று ஆகிவிடும்.

இந்தக் கார் செவ்வாய்க்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாது.

வியாழன் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பும். சனிக்கிழமையும் அப்படியே. செவ்வாய் என்றால் செத்த பிணம்! இருட்டில் வாட்ச்மேனும் பால்காரரும் தள்ளுவார்கள். முன்சீட்டில் அப்பா, "விடுப்பா, ஆட்டோல போய்க்கலாம்" என்பார். ஆட்டோவின் குலுக்கலில் அவர் படுகிற பாடு பிள்ளைக்குத்தான் தெரியும். ஒருநாள் முக்கால் மணி நேரம் தாமதமாகி, அவருடைய முறை மத்தியான ஷிப்டுக்குப் போய், ராத்திரி வரைக்கும் மூச்சுத் திணறல்.

"பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். மாற்றினார்கள். அதுவும் போச்சு. மறுபடி மாற்றினார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி! அம்மாவோ ஜோசியரிடம் போய்விட்டு வந்து, "காருக்கு செவ்வாய் தோஷமாம்டா" என்று ரேடியேட்டர் கிரில்லில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்.

இதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, அந்த அம்மாள் சொன்னதில் ஒரு பெரிய துப்பு இருந்தது. மெக்கானிக் கேட்காத கேள்வி அது: ஏன் செவ்வாய்?

சனிக்கிழமை பதினொன்றிலிருந்து செவ்வாய் காலை ஐந்து வரை 66 மணி நேரம். செவ்வாய் பதினொன்றிலிருந்து வியாழன் ஐந்து வரை 42 மணி நேரம்தான். நீண்ட லீவு வரும்போது மட்டும் பேட்டரி சாகிறது என்றால், யாரோ சீராக, மணிக்கு இவ்வளவு என்று உறிஞ்சுகிறார்கள். தோஷம் கிரகத்தில் இல்லை, ஒயரில்!

ஞாயிற்றுக்கிழமை, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மல்டிமீட்டரோடு போய் இறங்கினேன்.

முதலில் பேட்டரியே குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான பரீட்சை. முந்தின நாள் கடையில் ஃபுல் சார்ஜ் போட்டு, நெகடிவ் டெர்மினலைக் கழற்றி ராத்திரி முழுக்கச் சும்மா விடச் சொல்லியிருந்தேன். காலையில் 12.6 வோல்ட் நின்றது. இது முழு வயிறு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. சும்மா விட்டதற்கே இறங்கியிருந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். இறங்கவில்லை. பாவம், நிரபராதி.

அடுத்து ஆல்டர்னேட்டர். டெர்மினலை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்ததில் 14.2 வோல்ட். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் பொதுவாகச் சரி. ஆக, சம்பாத்தியம் ஒழுங்காக வருகிறது. செலவில்தான் கோளாறு.

இனி திருடனைப் பிடிக்கிற படலம்.

இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். நெகடிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி, ஒரு முனையைக் கழற்றிய கேபிளிலும் இன்னொன்றை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மாட்டுங்கள். காருக்குப் போகிற கரண்ட் முழுக்க மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். செக்போஸ்ட் மாதிரி! இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் காலி.

முன்கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரியும். அதனால் கதவின் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, 'மூடியாச்சு' என்று காரை நம்ப வைத்தோம். டிக்கியை நிஜமாகவே மூடினோம்.

மீட்டர் 2.3 ஆம்பியர் காட்டியது. நண்பர் "பிடிச்சாச்சு!" என்று குதித்தார். "பொறுங்க சார்" என்றேன். டெர்மினலை மாட்டியதும் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அவை தூங்க அரை மணி, சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அவசரப்படுகிறவர்கள் தப்பான ஆளைத்தான் பிடிப்பார்கள். இரண்டு டம்ளர் காபி முடிந்தது. 0.45 ஆம்பியரில் வந்து நின்றது. இறங்கவே இல்லை.

கணக்குப் போடுங்கள். 0.45-ஐ 66 மணியால் பெருக்கினால், கிட்டத்தட்ட 30 ஆம்பியர்-மணி. 35-ல் 30 போனால் செவ்வாய்க்கிழமை எப்படி ஸ்டார்ட் ஆகும்? 42 மணிக்கு 19 போகிறது, பாதிக்குச் சற்று மேல். வியாழன் முனகினதும் சரியாகப் போச்சு! பேட்டரிகள் சீக்கிரம் செத்ததற்கும் இதே காரணம். அடிக்கடி ஒட்டக் காலியானால் உள்ளே ஈயத் தகட்டில் சல்ஃபேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏறாது.

டாஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் பாக்ஸ். நண்பர் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கித் திரும்பச் செருக, நான் மீட்டரைப் பார்த்தேன். ஹாரன்... அசையவில்லை. வைப்பர்... அசையவில்லை. ஏழாவது ஃப்யூஸைப் பிடுங்கியதும் 0.45 தடாலென்று 0.02-க்கு இறங்கியது!

மூடியில் இருந்த படத்தைப் பார்த்தால், அந்த ஃப்யூஸில் ஸ்டீரியோ, உள்விளக்கு, டிக்கி விளக்கு என்று மூன்று பேர் குடித்தனம். அங்கேதான் எண்ணே பெயரைச் சொன்னது. குறைந்தது 0.43 ஆம்பியர். 12 வோல்ட்டால் பெருக்கினால் ஐந்து வாட். ஐந்து வாட் என்றால் சின்ன பல்பு! உள்விளக்கு அணைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூடிய டிக்கிக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி? ஃப்யூஸைத் திரும்பச் செருகி, மொபைலில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து, டிக்கியைச் சாத்தி, ஒரு நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தோம். ஸ்டெப்னி மேல் பளிச்சென்று வெளிச்சம்!

முன்பு யாரோ பைக்கில் வந்து பின்னால் இடித்து, டிங்கரிங் செய்திருக்கிறார்கள். அதில் கதவு ஒரு நூல் விலகி, மூடினாலும் ஸ்விட்சை அழுத்துவதில்லை. ஸ்விட்ச் சரியாகும் வரை பல்பைக் கழற்றிவிட்டோம். புது ஸ்விட்சின் விலை, இரண்டு பேர் சினிமாவுக்குப் போய் பாப்கார்ன் வாங்குவதைவிடக் குறைவு.

எல்லா வீட்டிலும் டிக்கி பல்புதான் திருடன் என்று நினைக்க வேண்டாம். வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோ, டாஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், ஒட்டிக்கொண்ட ரிலே என்று சந்தேகக் கேஸ்கள் நிறைய. எந்த ஃப்யூஸைப் பிடுங்கினாலும் கரண்ட் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே கை வைக்காதீர்கள். அது வேறு உலகம்.

நண்பரின் அப்பா இப்போது செவ்வாய்க்கிழமையும் முதல் ஷிப்டில் படுக்கிறார். எலுமிச்சம்பழத்தை மட்டும் அம்மா அவிழ்க்கவில்லை. அது கரண்ட் இழுப்பதில்லை என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த முறை யாராவது "பேட்டரி போச்சு சார்" என்றால், பர்ஸை எடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நிறுத்தி வெச்சிருக்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் போகுது?"

பதில் வந்தால் அவர் மெக்கானிக். முழித்தால், வெறும் பேட்டரி வியாபாரி!