கூழுக்குள் இருக்கும் தண்ணீர்

இது டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை, தம்பி. மெதுவாகவே குடியுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உங்கள் ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் படிகாரக் கரைசல் விழுந்ததும் வெள்ளைத் திரள்கள் எழுந்து, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்குகின்றனவே, அவை என்ன என்று கேட்டீர்கள். புழல் ஏரித் தண்ணீரைத் தெளியவைத்துச் சென்னைக்கு அனுப்புவதும் இந்த முறையில்தான்.

படிகாரத்தில் உள்ள அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. ஆனால் ஒழுங்கான படிகமாக அடுக்கப்படுவதில்லை. தண்ணீரைத் தன்னுள் பிடித்துவைத்த கூழாகவே நிற்கிறது. எக்ஸ் கதிரில் வைத்தால் கூர்மையான கோடுகள் வராது, மங்கலான மேடுதான் தெரியும். காயவைத்துப் பார்க்கலாம் என்றால், காய்ந்தபின் அது வேறு பொருள். ஈரத்தோடேயே பார்த்தாக வேண்டும்.

அதற்கு வழி என்.எம்.ஆர்., அதாவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. பிளாக், பர்செல் குழுக்கள் தனித்தனியே 1946இல் வெளியிட்டது, மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதில் பிறந்ததுதான். வலுவான காந்தத்துக்குள் அணுக்கரு, வேகம் குறைந்த பம்பரம்போலத் தலையாட்டுகிறது. ஆட்டத்தின் வேகத்துக்குப் பொருந்தும் ரேடியோ அலையை மட்டும் வாங்கிக்கொண்டு பதில் தருகிறது. ஹைட்ரஜன் 400 மெகாஹெர்ட்ஸில் பேசும் காந்தத்தில் அலுமினியம் சுமார் 104இல் பேசும். அதனால் அலுமினியத்தை மட்டும் தனியே கேட்கலாம்.

சுற்றிலும் ஆறு ஆக்சிஜன் உள்ள அலுமினியம் 0 பிபிஎம் அருகே ஒலிக்கும்; நான்கு உள்ளது 60 முதல் 80 வரை. இது லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் பிபிஎம் அல்ல. அதிர்வெண் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு விலகியது என்ற கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். படிகாரத்துக்குப் பதிலாக டிரம்மில் வரும் பாலி அலுமினியம் குளோரைடில் 13 அலுமினியங்கள் சேர்ந்த ஒரு கொத்து இருக்கும். நடுவில் ஒன்று, சுற்றிலும் பன்னிரண்டு. மொத்த மின்னேற்றம் +7. அழுக்குத் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை, அதனால்தான் இந்தக் கொத்து அவற்றை இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது. சுற்றியுள்ள பன்னிரண்டும் சமச்சீரற்ற இடத்தில் இருப்பதால் அவற்றின் ஒலி பரவி மங்கிப்போகும். நடுவில் உள்ளதோ 63 பிபிஎம்மில் ஊசிபோல எழும். அந்த ஒன்றை அளந்து 13ஆல் பெருக்கிக்கொள்கிறார்கள். அலுமினிய அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு டிரம்களில், எதில் இந்தக் கொத்து அதிகம் என்று இப்படித் தெரிந்துவிடும்.

அடுத்து, தொட்டியின் அடியில் படியும் ஸ்லட்ஜ். அதற்கு ஹைட்ரஜனைக் கேட்க வேண்டும். கட்டற்ற தண்ணீரின் ஒலி அடங்க இரண்டு மூன்று விநாடி ஆகும். கூழோடு ஒட்டிய தண்ணீரில் அது சில மில்லி விநாடிகள் வரைகூட இறங்கும். ஃபில்டர் பிரஸ்ஸில் எவ்வளவு அழுத்தியும் வெளியேறாத தண்ணீர் எது என்று இதில் ஓரளவு தெரியும். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தானே லாரியில் ஏற்றுகிறோம்! நம் ஆலைகள் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்தில் வெளியார் சேம்பிளையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரும்பு மிகுந்த கழிவென்றால் சிரமம். இரும்பின் காந்தத்தன்மை ஒலியைக் கலைத்துவிடும். மற்றபடி அனுப்பும்போது ஓவனில் உலர்த்திவிடாதீர்கள். மூடி இறுக்கிய பாட்டிலில், ஈரமாகவே அனுப்புங்கள்.