மார்பக பாரமா? கூச்சத்தை விட்டு டாக்டரிடம் பேசுங்கள்!

கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று வருஷக்கணக்காகத் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்களா? பிரா பட்டை தோளில் பள்ளம் போட்டிருக்கிறதா? மார்பின் அடிப்பக்கம் வியர்த்துப் புண்ணாகி எரிகிறதா? மார்பகத்தின் எடையே காரணமாக இருக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் இதை அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. துப்பட்டாவை இழுத்து மூடி, கூன் போட்டே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக சிகிச்சைக்கென்றே இலவச கிளினிக் தொடங்கினார்கள். 'அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா?' என்று அப்போது விமர்சனமும் எழுந்தது. வலிக்கு வைத்தியம் பார்ப்பது அழகு சமாசாரமா, என்ன? காடாம்புலியூர், நெய்வேலிப் பக்கத்து வாசகிகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கிட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் இது. சாதாரணமாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அதிகப்படியான கொழுப்பு, சதை, தோலை எடுத்துவிட்டு, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கணும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அவசியம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். கஷ்டம் அதற்கப்புறம்தான்! முதல் வாரம் வலியும் வீக்கமும் இருக்கும். இறுக்கமான தாங்கு பிராவை இரவிலும் கழற்றக்கூடாது. நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்புக் குழந்தை எதையும் தூக்காதீர்கள். பண்ருட்டிப் பலாப்பழத்தை அவர் தூக்கி வரட்டும்! காய்ச்சல், சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம் என்றால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே ஓடுங்கள்.

தழும்பு விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் நங்கூரம் மாதிரி ஒரு கோடு இருக்கும். மங்குவதற்கு ஒரு வருஷமாவது ஆகும். சிலருக்குத் தழும்பு தடித்துப் போகும். காம்பில் உணர்ச்சி குறையலாம். தாய்ப்பாலும் குறையலாம் என்பதால், கல்யாணமாகாத பெண்களும், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களும் இதை முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. பிற்பாடு எடை கூடினாலோ, பிரசவத்துக்குப் பிறகோ மறுபடி பெருக்கவும் செய்யலாம். பருவ வயதுப் பெண் என்றால் வளர்ச்சி நிற்கும்வரை பொதுவாகக் காத்திருக்கச் சொல்வார்கள்.

எடுத்த சதையை லேபுக்கு அனுப்பிப் பரிசோதிப்பது வழக்கம். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.