ஸ்டெப்னி இல்லாத கார்!

"பஞ்சரா? ஸ்டெப்னியை எடுத்து மாட்டு!"

கார் ஓட்டுகிறவர்களின் பழைய பாடம் இது. ஆனால், இப்போது சில கார்களில் ஸ்டெப்னியே கிடையாது! பின்பக்கப் பலகையைத் தூக்கினால், சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறிய பெட்டிதான் இருக்கும்.

பெயர் வந்த கதை

ஆரம்ப காலக் கார்களிலும் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால், ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான்.

1904-ம் ஆண்டு, வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டயர் பொருத்திய ஒரு வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து மாட்டினார்கள். அவர்கள் கடை இருந்த இடம் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவின் பெயர்தான் நம் ஊர் வரை வந்து நிலைத்துவிட்டது!

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டு மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் அடைக்கும் பெட்டி ஆகிய மூன்றும் உள்ள காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. இதனால் காரின் எடை குறைகிறது. மின்சாரக் காரில் பாட்டரிக்கு இடம் கிடைக்கிறது.

புறப்படும் முன்

பெட்டியைத் திறந்து பாருங்கள். காற்றடிக்கும் சிறிய பம்பும், ஓட்டையை அடைக்கும் திரவப் புட்டியும் இருக்கும். புட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி கடந்திருந்தால் புதிது வாங்குங்கள்.

பம்பை வீட்டிலேயே ஒருமுறை இயக்கிப் பழகுங்கள். காலையில், டயர் சூடாகும் முன் காற்றை அளந்து பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

டார்ச் விளக்கும், சிவப்பு முக்கோணமும் அவசியம்.

நடுவழியில் பஞ்சரா?

பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, மெல்ல வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்க வேண்டும்.

முதலில் காக்க வேண்டியது டயரை அல்ல, உயிரை! குழந்தைகளையும் பெரியவர்களையும் இடது பக்கமாக இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். காரின் பின்னால் தூரத்தில் முக்கோணத்தை வையுங்கள்.

ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள்! ஆணி இருக்கும் வரை காற்று மெல்லத்தான் இறங்கும். காற்றடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள பஞ்சர் கடைக்கு மெதுவாகப் போய்விடலாம்.

காற்று நிற்கவில்லையா? திரவத்தை ஏற்றிக் காற்றடியுங்கள். சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, மறுபடி அளந்து பாருங்கள். கடைக்காரரிடம் திரவம் ஏற்றியதைச் சொல்லிவிடுங்கள்.

எதற்கு உதவாது?

டயரின் பக்கவாட்டில் கிழிந்தாலோ, டயர் வெடித்தாலோ திரவம் பயன்படாது. அப்படியே ஓட்டுவதும் ஆபத்து. தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்குப் போன் செய்து உதவி கேளுங்கள்.

அடுத்த முறை வெளியூர் கிளம்பும்போது பின்பக்கப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா? பெட்டி இருக்கிறதா?

இரண்டும் இல்லையென்றால், புறப்படாதீர்கள்!