யூகலிப்டஸ் மரங்களை இனம் காண ஒரு வாழ்நாள் போதுமா?

தலைவலி வந்தால் நெற்றியில் தடவும் நீலகிரித் தைலத்தின் வழியாகவே யூகலிப்டஸை நம்மில் பலர் அறிவோம். இந்தியாவில் பெருமளவில் நடப்பட்டிருப்பவை அதன் சில இனங்கள் மட்டுமே. தாயகமான ஆஸ்திரேலியாவிலோ 800-க்கும் மேற்பட்ட இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்களும் அங்கு உள்ளனர்.

பெயர் வந்தது எப்படி?

கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தின்போது, 1777-இல் டாஸ்மேனியாவின் புரூனி தீவில் டேவிட் நெல்சன் ஒரு மரத்தின் மாதிரியைச் சேகரித்தார். அதை ஆராய்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே, 1788-இல் 'யூகலிப்டஸ்' எனப் பெயரிட்டார். 'நன்கு மூடப்பட்டது' என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். பூமொட்டின் மேலுள்ள சிறு மூடியையே அது குறிக்கிறது. மலரும்போது மூடி உதிர்ந்து, மகரந்தத் தாள்கள் விரியும்.

அடையாளம் காண்பது ஏன் கடினம்?

இலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வர இயலாது. நீலகிரியில் வளரும் 'புளூ கம்' மரத்தின் இளம் இலைகள் காம்பின்றி, அகன்று, வெண்ணீலப் பூச்சுடன் இருக்கும். முதிர்ந்த இலைகளோ அரிவாள் போல நீண்டு வளைந்திருக்கும். எனவே மரப்பட்டை, ஒரு கொத்திலுள்ள மொட்டுகளின் எண்ணிக்கை, மூடியின் வடிவம், காயின் அமைப்பு ஆகிய அனைத்தையும் ஒப்பிட வேண்டும். நெருங்கிய இனங்களுக்கிடையே கலப்பும் நிகழ்கிறது.

வகைப்பாடும் மாறிக்கொண்டே வருகிறது. எலுமிச்சை மணம் கொண்ட யூகலிப்டஸ் உள்ளிட்ட பல இனங்கள், 1995-இல் 'கொரிம்பியா' என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டன.

ரயில் ஓட்டுநரும் தாவரவியலாளரும்

விக்டோரியா மாநிலத்தின் அராரட் நகரைச் சேர்ந்த ஸ்டான் கெல்லி, ரயில் எஞ்சின் ஓட்டுநர். யூகலிப்டஸின் இலை, மொட்டு, பூ, காய் ஆகியவற்றை நுணுக்கமாக வண்ணத்தில் வரைந்தார். அவரது ஓவியங்கள் 1969-இல் நூலாக வெளிவந்தன.

தெற்கு ஆஸ்திரேலியாவில் தாவரவியலாளர் டீன் நிக்கோல், காடுகளில் திரட்டிய விதைகளைக் கொண்டு 'கரன்சி கிரீக்' மரத்தோட்டத்தை உருவாக்கியுள்ளார். 1990-களின் தொடக்கத்தில் உருவான இத்தோட்டத்தில் 900-க்கும் மேற்பட்ட இனங்களும் துணை இனங்களும் வளர்க்கப்பட்டுள்ளன. ஒரே மண்ணில் அருகருகே வளர்வதால், மரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு பரம்பரையால் வந்ததா, சூழலால் வந்ததா என்பதை அறிய முடிகிறது.

இதனால் என்ன பயன்?

காட்டுத்தீக்குப் பின் சில இனங்கள் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். உலகின் மிக உயரமான பூக்கும் மரங்களுள் ஒன்றான 'யூகலிப்டஸ் ரெக்னன்ஸ்' போன்றவை, கடுந்தீயில் மடிந்து விதையிலிருந்தே மீளும். அந்த நாற்றுகள் வளர்ந்து விதை தருவதற்குள் மீண்டும் தீ பரவினால், அவ்விடத்தில் அந்த இனமே இல்லாமல் போகக்கூடும். பார்வைக்கு ஒத்திருக்கும் இரு மரங்களில் எது துளிர்க்கும், எது மடியும் என்பதை அறிய முதலில் அவற்றின் இனம் தெரிய வேண்டும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆய்வு செய்யப்பட்ட 826 யூகலிப்டஸ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளது. வேறொரு மரமெனத் தவறாகக் கருதப்படும் அரிய இனத்தைக் காக்க எவரும் முன்வர மாட்டார்கள். மொட்டின் மூடியை உற்றுநோக்கும் பொறுமை, ஓர் இனத்தையே காப்பாற்றும் முதற்படியாகிறது.