தாத்தா மும்பைக்கு வந்தது எப்போது?

தாராவியிலோ செம்பூரிலோ பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையிடம் "உங்க தாத்தா எந்த வருஷம் இங்க வந்தார்?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்துலயே வந்துட்டாரு" என்பதுதான் பெரும்பாலும் பதில். வீட்டில் அது பெருமை. சாதிச் சான்று கொடுக்கும் அலுவலகத்திலோ தேதி போட்ட காகிதம் கேட்பார்கள்.

மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்று வேண்டுமானால், குறிப்பிட்ட ஒரு தேதியில் உங்கள் தந்தை வழி மூதாதையர் இந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அந்தத் தேதி 10 ஆகஸ்ட் 1950. நாடோடி, சீர்மரபுப் பிரிவுகளுக்கு 21 நவம்பர் 1961. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 13 அக்டோபர் 1967. தேதி மட்டும் போதாது, சாதியின் பெயரும் மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாததை ஒத்த பெயர், கிளைச் சாதி என்று சொல்லி உள்ளே கொண்டுவர முடியாது என்று 2000-ல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அலையத் தொடங்குமுன் பட்டியலைப் பாருங்கள்.

அந்தத் தேதிக்குப் பின் வந்த பட்டியல் சாதிக் குடும்பம், தகப்பனாரின் தமிழ்நாட்டுச் சான்றைக் காட்டி இங்கேயே புலம்பெயர்ந்தோர் சான்று வாங்கலாம். மத்திய அரசு வேலைக்கு அது உதவும், மாநில ஒதுக்கீட்டுக்கு உதவாது. 1990-லும் 1994-லும் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்புகளின் விளைவு இது. திருநெல்வேலியில் அனுபவித்த தீண்டாமை தாதர் ஸ்டேஷனில் இறங்கியதும் கழன்றுவிடுமா என்று கேட்டால், சட்டத்திடம் நேரான பதில் இல்லை. இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் இன்று நடைமுறையில் இருப்பது இதுதான்.

வீட்டு விஷயத்தில் தேதி வேறு. தாராவி மறுசீரமைப்பில், 1 ஜனவரி 2000-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. பல வீடுகளில் 1976 குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டிக் கொடுத்த போட்டோ பாஸ் இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசு விவரம், இடைப்பட்ட ஆண்டுகளின் லைட் பில், வாக்காளர் பட்டியல் எல்லாம் ஒரே சங்கிலியாக வந்தால்தான் பேரனின் பெயர் தகுதிப் பட்டியலில் ஏறும். வாரிசு என்றால் அத்தைகளும் சேர்த்திதான். அதே 1976-ல் ஜனதா காலனியை இடித்துச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டவர்களும் அந்த ஒதுக்கீட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சரி, எங்கே தேடுவது? முதலில் பள்ளிக்கூடம். எல்.சி. (பள்ளி விலகல் சான்று) தொலைந்திருக்கலாம், ஆனால் பள்ளியின் ஜெனரல் ரிஜிஸ்டர் நிரந்தரப் பதிவேடு. அதில் ஒரு மாணவனுக்கு ஒரு வரி: பெயர், சாதி, பிறந்த ஊர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள். தாத்தா படிக்கவே இல்லையென்றால் அவர் தம்பி படித்திருக்கலாம், பெரியப்பா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கலாம். அந்த ஒரு வரியின் சான்றிட்ட நகல் போதும், தேடல் நகரத் தொடங்கும். தந்தை வழி ரத்த உறவினர் யாராவது ஏற்கெனவே 'காஸ்ட் வேலிடிட்டி', அதாவது சாதிச் சான்றைச் சோதிக்கும் சரிபார்ப்புக் குழுவின் ஒப்புதல், வாங்கியிருந்தால் பாதிச் சுமை குறைந்தது. முறைகேடு இல்லாதவரை அதே சான்றை மற்றவர்களுக்கு மறுக்கக் கூடாது என்பது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

சிக்கல் பெயரில்தான் வரும். நமக்குத் தலைப்பெழுத்து, மராட்டியர்களுக்குச் சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். மா. சுப்பையா ஒரு காகிதத்தில் சுப்பையா மாடசாமி ஆவார், இன்னொன்றில் மாடசாமி குடும்பப் பெயராகிவிடும், மூன்றாவதில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ளும். சாதிக் கட்டத்தில் 'இந்து மதராசி' என்று எழுதிவிட்டுப் போன குமாஸ்தாக்களும் உண்டு. பதறி, மை போட்டுத் திருத்தாதீர்கள். எல்லாப் பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, வம்சாவளியை வரைந்து, துணைக்கு வேறு ஆவணங்களை வையுங்கள். சுதந்திரத்துக்கு முந்தைய பதிவுக்கு மதிப்பு கூடுதல்.

பிறப்பு, இறப்புப் பதிவுகள் வார்டு ஆபீஸில் கிடைக்கும். தாராவிக்கு ஜி நார்த், மாதுங்காவுக்கு எஃப் நார்த், செம்பூருக்கு எம் வெஸ்ட். 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி கட்டணம் செலுத்தி யாரும் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். மாதுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவரின் சர்வீஸ் ரெக்கார்டுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். 'தனிப்பட்ட விவரம்' என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முந்தைய சங்கதிக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 8(3) பிரிவைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 'அழித்துவிட்டோம்' என்றால், அழித்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். பல நேரம் அப்போதுதான் கோப்பு கிடைக்கும்.

தாராவி 90 அடி ரோட்டில் "1949 எல்.சி. நானே ஏற்பாடு பண்றேன்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சரிபார்ப்புக் குழு பள்ளிக்கே ஆள் அனுப்பி மூலப் பதிவேட்டைப் பார்க்கும். பொய்ச் சான்றுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. வேலையும் போகும். எத்தனை ஆண்டு பணிபுரிந்திருந்தாலும் பாதுகாப்பு கிடையாது என்று 2017-ல் பஹிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சர்வேக்கு வருபவரிடம் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். லேமினேஷன் வேண்டாம், பழைய மையையும் முத்திரையையும் சோதிக்க முடியாமல் போய்விடும். முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதை உண்மையென்று நீதிமன்றம் கொள்ளலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மறக்காமல், பரணில் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

சரிபார்ப்புக் குழு நிராகரித்தால் வேறு மேல்முறையீடு இல்லை, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். அதற்குப் பணமில்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்க 1987 சட்ட உதவிச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.