ஈஸ்டுக்கும் பசிக்கும்: சர்க்கரை மட்டும் ஏன் பத்தாது?



போன எபிசோடில், புளிக்கிற ஜாடியில் ராஸ்பெரி பையையும் டெம்பரேச்சர் சென்சாரையும் மாட்டுவது பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் நிறைய ஒரே மாதிரிதான்: "மீட் போட்டேன், ஒரு வாரத்துல கிராஃப் படுத்துடுச்சு. பாதி இனிப்பாவே நிக்குது, அழுகின முட்டை வாடை வேற. சென்சார் தப்பா?"

சென்சார் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஈஸ்டுக்குச் சாப்பாடு பத்தலை. எபிசோடில் நேரம் இல்லாமல் விட்ட அந்த விஷயம்தான் இந்த வாரம். (மீட் தெரியாதவர்களுக்கு: தேனையும் தண்ணீரையும் கலந்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் ஒயின்.)

நைட்ரஜன் எதுக்கு?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும் என்று ஸ்கூலில் படித்திருப்பீங்க. அது எனர்ஜி கணக்கு மட்டும். ஒரு செல் பல கோடி செல்லாகப் பெருகணும்னா புரதம் வேணும். புரதம் செய்ய நைட்ரஜன் வேணும். ஈஸ்டால் எடுத்துக்க முடிகிற நைட்ரஜனை ஒயின்காரர்கள் ஒய்ஏஎன் என்பார்கள். ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள்.

திராட்சைச் சாறில் அது இயற்கையாகவே ஓரளவு இருக்கும். ஒயின் நல்லபடியாக முடிய லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் வேணும் என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் கலந்த தேனில் பெரும்பாலும் 50 கூடத் தேறாது. வெள்ளைச் சர்க்கரையில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

அந்த முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. கந்தகம் கலந்த அமினோ அமிலங்களைச் செய்ய ஈஸ்ட் முதலில் சல்ஃபைடைத் தயார் பண்ணும். அதைச் சேர்த்துக் கட்ட நைட்ரஜன் உள்ள இன்னொரு பாகம் வேணும். அந்தப் பாகம் வரவில்லை என்றால் சல்ஃபைடு தேங்கி வெளியே கசியும். வாடை வந்தால், ஈஸ்ட் பசியில் இருக்கு என்பதற்கு அது ஒரு எரர் மெசேஜ்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது எப்பவோ தெரியும்

கள்ளுக்கு யாரும் எதுவும் சேர்ப்பதில்லை. பனை, தென்னைச் சாறில் சர்க்கரையோடு அமினோ அமிலங்களும் வைட்டமின்களும் இருக்கு. காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே வேலையை ஆரம்பிச்சுடும். இலங்கையின் தென்னஞ்சாராயம் அந்தக் கள்ளிலிருந்து வடிப்பதுதான்.

வெல்லத்திலிருந்து காய்ச்சும்போது கதை வேற. கள்ளச்சாராய ரெய்டுச் செய்திகளில் வெல்லம், வேலம்பட்டையோடு நவச்சாரம் என்ற பெயரும் அடிக்கடி வரும். ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே உப்பு. கெமிஸ்ட்ரியில் அது அமோனியம் குளோரைடு, எடையில் சுமார் 26% நைட்ரஜன். கேட்க விஷம் கலக்குற மாதிரி இருந்தாலும், ஊறலில் அதோட வேலை ஈஸ்டுக்குத் தீனி போடுவதுதான். பிரச்சினை அதன் தரம்: ஈயம் பூச வாங்கும் உப்பில் வேற என்னென்ன கலந்திருக்கு என்று யாரும் பார்ப்பதில்லை.

கடையில் என்ன வாங்கணும்?

ஹோம்ப்ரூ கடையில் மூணு வகை கிடைக்கும்.

முதலாவது டிஏபி, அதாவது டை அமோனியம் பாஸ்பேட். 21% நைட்ரஜன், மலிவு, ஈஸ்ட் உடனே எடுத்துக்கும்.

இரண்டாவது ஆர்கானிக் வகை. செத்த ஈஸ்டிலிருந்து எடுத்த அமினோ அமிலங்கள், உதாரணம் ஃபெர்மெய்ட் ஓ. நிதானமாக வேலை செய்யும், வைட்டமினும் சேர்ந்து வரும்.

மூணாவது, இரண்டும் கலந்தது. ஃபெர்மெய்ட் கே இந்த வகை.

வாங்கும்போது லேபிளைப் படிங்க. "ஈஸ்ட் நியூட்ரியன்ட்" என்று மட்டும் எழுதிய சில பாக்கெட்டில் யூரியாவும் இருக்கும். யூரியா ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் ஆகும். சூடு பட்டால் இன்னும் வேகமாக. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை 2ஏ பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று பெரிதும் கருதப்படும் பட்டியலில், வெச்சிருக்கு. அந்தப் பாக்கெட்டைத் தவிர்த்துடுங்க.

ஒரு ஏ/பி டெஸ்ட்

மூணு 1 கேலன் ஜாடி எடுங்க. ஒவ்வொன்றிலும் 1 கிலோ தேன், மீதி தண்ணீர். முழுசாகப் புளித்தால் சுமார் 12% ஆல்கஹால் வரும். ஒரே தேன், ஒரே ஈஸ்ட், ஒரே டெம்பரேச்சர்.

ஜாடி 1: நியூட்ரியன்ட் இல்லை.
ஜாடி 2: 2.7 கிராம் டிஏபி, 24 மணி நேரத்தில் மொத்தமாக.
ஜாடி 3: அதே 2.7 கிராம், நாலாகப் பிரித்து 24, 48, 72 மணி நேரத்தில் மூணு பங்கு, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் கடைசிப் பங்கு.

2.7 எங்கிருந்து வந்தது? 1 கேலன் 3.8 லிட்டர். லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்றால் 570 மில்லிகிராம் நைட்ரஜன். அதை 0.21-ஆல் வகுத்தால் சுமார் 2,700 மில்லிகிராம். லிட்டருக்கு 0.7 கிராம் வருது. அமெரிக்காவில் ஒயின் ஆலைகளுக்கு டிஏபி உச்ச வரம்பு 0.96 கிராம்.

சமையலறைத் தராசு பத்தாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேணும். மூணாவது ஜாடிக்கு டிஏபியை 40 மில்லி தண்ணீரில் கரைச்சு வெச்சுட்டு ஒவ்வொரு தடவையும் 10 மில்லி ஊத்தினால் பிரிப்பது சுலபம். பவுடரை அப்படியே கொட்டினால் கரைந்திருக்கும் வாயு ஒரேயடியாக எழும்பி, ஜாடி பொங்கித் தரையெல்லாம் தேன் ஆகிடும்.

தினமும் ஹைட்ரோமீட்டர் ரீடிங் எடுத்து, வாடையையும் குறிச்சுக்கோங்க. இரண்டுக்கும் மூணுக்கும் அளவு ஒண்ணுதான், நேரம் மட்டும்தான் மாறுது. அமோனியம் நிறைய இருக்கும்போது ஈஸ்ட் அமினோ அமிலங்களைத் தொடாது. பெருக்கமும் சூடும் ஒரேயடியாக எகிறும். கடைசிப் பங்கைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்டால் டிஏபியை உள்ளே இழுக்க முடியாது. மிஞ்சின நைட்ரஜன் கெட்ட கிருமிகளுக்கு விருந்து.

"அப்போ காய்ச்சி வடிக்கலாமா?"

இதுவும் கேட்டிருந்தீங்க. 21 வயது ஆனவர்கள் சொந்த உபயோகத்துக்கு ஒயின், மீட், பீர் செய்யலாம். ஒயின் வகைக்கு ஏற்கெனவே இருந்த சலுகையை பீருக்கும் நீட்டிய சட்டத்தில் கார்ட்டர் 1978-ல் கையெழுத்துப் போட்டார். வீட்டில் ஒரு பெரியவர் என்றால் வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது அதுக்கு மேல் என்றால் 200. விற்கக் கூடாது.

வடிப்பது வேற. வீட்டில் வடிப்பதைத் தடுக்கும் ஃபெடரல் சட்டம் 1868-லிருந்து வருது: 5 வருஷம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். 2024 ஜூலையில் டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்தில் ஃபெடரல் நீதிபதி மார்க் பிட்மன், ஹாபி டிஸ்டில்லர்ஸ் அசோசியேஷன் போட்ட வழக்கில் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். தீர்ப்பு வழக்குப் போட்ட தரப்புக்குத்தான்; அரசு அப்பீலுக்குப் போனது. ஹெட்லைனைப் பார்த்துட்டு ஸ்டில் ஆர்டர் பண்ணாதீங்க, முக்கியமா வீட்டில் யாராவது விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால்.

அதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது ஈஸ்ட் செய்த வேலை இல்லை, சாராயத்தில் கலந்த மெத்தனால். தேனையும் சர்க்கரையையும் புளிக்கவைக்கும்போது மெத்தனால் பெரிசாக வராது. பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து கொஞ்சம் வரும். நியூட்ரியன்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஊரில் அம்மாவோ பாட்டியோ பயந்து கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்க.

டெஸ்ட் பண்ணினால் மூணு ஜாடியின் ரீடிங்கையும் இந்த மெயிலுக்கு ரிப்ளையாக அனுப்புங்க. சிஎஸ்வி ஃபைலாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். எல்லாத்தையும் ஒரே கிராஃபில் போட்டு அடுத்த எபிசோடில் பேசலாம்.